பள்ளி விடுமுறையில் வேலைக்குச் செல்லும் பெற்றோர்: சென்னை நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் கடைசியில் பள்ளிகள் மூடியதும் சென்னையின் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் சில மாற்றங்கள் தென்படத் தொடங்கும். காலைக் கூட்டத்துக்குச் சிலர் மூச்சிரைக்க வருவார்கள், மதியம் ஒரு மணிக்கு யாராவது ஒருவர் கைபேசியுடன் வராந்தாவுக்கு ஓடுவார், ஆண்டு முழுவதற்குமான சிஎல் (தற்செயல் விடுப்பு) மே மாதத்திலேயே தீர்ந்துபோகும். இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகள் பெரும்பாலும் நிறுவன உரிமையாளர்களும் எச்ஆர் அலுவலர்களும் குழுத் தலைவர்களும் எழுப்புபவை. பெற்றோர் கேட்பவையும் சில உண்டு.

பள்ளி விடுமுறை எல்லா ஆண்டும் வருவதுதானே, இதில் நிறுவனம் கவலைப்பட என்ன இருக்கிறது?

கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் தெரியும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் கோடை விடுமுறை ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கி ஜூன் தொடக்கம் வரை, அதாவது ஐந்து வாரத்துக்கு மேல் நீள்கிறது. செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை, இரண்டு வாரம் கழித்துப் பொங்கல், இடையில் தீபாவளி, ஐப்பசி கார்த்திகையில் மழை விடுமுறைகள் என்று அது ஆண்டு முழுவதும் தொடர்கிறது. மறுபக்கத்தில், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி ஓராண்டு பணி முடித்தவருக்குக் கிடைப்பது 12 நாள் ஊதிய விடுப்பும், 12 நாள் வரையிலான நோய் விடுப்பும், 12 நாள் வரையிலான தற்செயல் விடுப்பும்தான். தொழிற்சாலைகளில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் ஊதிய விடுப்பு என்பதே நெடுங்காலக் கணக்கு. தாயும் தந்தையும் தத்தம் விடுப்பை ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்தாலும் கோடையைத் தாண்டுவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். அதன்பின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் சம்பளப் பிடித்தம்தான்.

மத்திய அரசில் பணிபுரியும் பெண்களுக்கும் தனித்து வாழும் தந்தையருக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கவனிக்கப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தனியார் துறையில் சட்டப்படி அப்படி எதுவும் இல்லை. ஆகவே இந்த இடைவெளியை நிறுவனமும் குடும்பமும் பேசித்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

விடுமுறைத் தேதிகள் எல்லோருக்கும் ஒன்றுதானா?

இல்லை. சிபிஎஸ்இ பள்ளிகளின் கல்வியாண்டு மாநிலப் பாடத்திட்டத்தை ஒட்டி அமையாததால், ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளில் படித்தால் ஒருவருக்குப் பள்ளி நடக்கும்போதே மற்றவருக்கு விடுமுறை தொடங்கிவிடும். பள்ளி திறக்கும் நாளும் நிலையானதல்ல. 2023-இல் வெயிலின் காரணமாகத் திறப்பு தள்ளிப்போய், ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12 அன்றும், ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 14 அன்றும் திறந்தார்கள். 2024-இல் ஜூன் 6 என்று சொல்லியிருந்தது ஜூன் 10 ஆனது. ‘ஜூன் முதல் தேதியோடு எல்லாம் சரியாகிவிடும்’ என்று திட்டமிடும் நிறுவனம் அந்தப் பத்து நாளில் மாட்டிக்கொள்ளும்.

பாட்டி, தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதானே நாங்கள் நினைக்கிறோம்?

பலர் அனுப்புகிறார்கள், அனுப்ப முடிகிறவரை அதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறில்லை. ஆனால் இன்று சென்னையில் பணிபுரியும் பலரின் பெற்றோர் திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டிய ஒருவரால் இரண்டு சிறுவர்களை ஐந்து வாரம் சமாளிக்க முடிவதில்லை. பத்து நாள் சரி, பதினைந்து நாள் சரி, அதற்கு மேல் அவர்களே தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்குவார்கள். மேலும், பிள்ளையைக் கொண்டுபோய் விடவும் அழைத்து வரவும் பெற்றோரில் ஒருவர் இரண்டு முறை ஊருக்குப் போய் வர வேண்டும். நிறுவனத்தின் உதவி முதலில் தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

அந்தப் பயணத்துக்கு நிறுவனம் என்ன செய்ய முடியும்?

விடுப்புக்கு விரைவாகப் பதில் சொல்ல முடியும். அதற்குப் பணம் செலவில்லை, இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் எல்லா யோசனைகளிலும் இதுவே அதிகப் பயன் தருவது என்பது எங்கள் கருத்து.

ரயில் முன்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. மே 1 அன்று ஊருக்குக் கிளம்ப வேண்டுமென்றால் மார்ச் 2 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். மே 31 அன்று திரும்ப வேண்டுமென்றால் ஏப்ரல் 1. பொதிகை, நெல்லை, கன்னியாகுமரி போன்ற தென்மாவட்ட ரயில்களில் கோடைக்கால இடங்கள் எவ்வளவு வேகமாகத் தீரும் என்பதை ஒருமுறையாவது அந்த எட்டு மணிக்குத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். இந்த நிலையில், ‘விடுப்பு விண்ணப்பங்கள் இரண்டு வாரத்துக்கு முன் பரிசீலிக்கப்படும்’ என்ற விதியை வைத்திருக்கும் நிறுவனம், தன் பணியாளரை ஆம்னி பேருந்தின் கோடைக் கட்டணத்துக்கோ தட்கலின் அதிர்ஷ்டத்துக்கோ தள்ளிவிடுகிறது. விடுப்பைக் கொடுத்தும் நல்ல பெயர் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

ஆகவே, கோடை விடுப்புக்கான விண்ணப்பங்களைப் பிப்ரவரி நடுவில் வாங்கி, பிப்ரவரி முடிவதற்குள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இதே 60 நாள் கணக்கைப் பின்னோக்கிப் பாருங்கள். ‘இல்லை’ என்ற பதில்கூட பிப்ரவரியில் வந்தால் குடும்பம் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளும். அதுவே ஏப்ரல் இருபதாம் தேதி வந்தால் அவர்கள் கையில் எதுவும் இருக்காது. கொடுத்த விடுப்பைக் கடைசி நேரத்தில் திரும்பப் பெறுவது மறுப்பதைவிட மோசமானது. அதைச் செய்ய வேண்டி வந்தால் ரத்துக் கட்டணத்தை நிறுவனம் ஏற்பது நியாயம்.

எல்லோரும் மே முதல் வாரத்தையே கேட்டால் யாருக்குக் கொடுப்பது?

முதலில் கேட்டவருக்கே முதலில் என்ற விதி எளியதாகத் தோன்றினாலும், அது மேலாளருக்கு நெருக்கமாக இருப்பவருக்கே பெரும்பாலும் சாதகமாக முடியும். பணிமூப்பின்படி கொடுத்தால், சிறு பிள்ளைகள் உள்ள இளம் பணியாளர்கள் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்பார்கள். எங்களுக்குச் சரியாகப்படுவது சுழற்சி முறை: ஆறு வார விடுமுறையை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொருவரும் முதல் விருப்பத்தையும் இரண்டாம் விருப்பத்தையும் எழுதித் தர வேண்டும், இந்த ஆண்டு முதல் விருப்பம் கிடைக்காதவருக்கு அடுத்த ஆண்டு முன்னுரிமை என்பதைப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். அந்தப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவிட்டால் பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும்.

பிள்ளையைச் சம்மர் கேம்ப்பில் சேர்த்த பிறகும் பெற்றோர் ஏன் நேரச் சலுகை கேட்கிறார்கள்?

ஏனென்றால் அந்த முகாம்களில் பல, வேலை நேரத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை அல்ல. காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். வேன் ஒரு மணிக்குக் குடியிருப்பின் வாசலில் பிள்ளையை இறக்கிவிடும், அல்லது இறக்கிவிட ஆள் இல்லாமல் ஓட்டுநர் தொலைபேசியில் அழைப்பார். அதே ஒரு மணிக்கு அந்தத் தாய் சிறுசேரியில் ஏழாவது மாடியில் ஒரு கூட்டத்தில் இருப்பார். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்திருக்கிறார். அந்த அக்கா கோவிலுக்குப் போயிருக்கிறார். முன்பே சொன்ன வராந்தா ஓட்டத்தின் காரணம் இதுதான்.

இதற்கு நாள் முழுவதுமான விடுப்பு தேவையில்லை. அரை நாள் விடுப்பைத் தாராளமாக அனுமதிப்பது, பன்னிரண்டு முதல் இரண்டு வரை கூட்டம் வைக்காமலிருப்பது, காலை ஏழரைக்கு வந்து நான்கு மணிக்குக் கிளம்பும் நேரத்தை அந்த ஆறு வாரத்துக்கு அனுமதிப்பது ஆகியவை போதும். நம் அலுவலகங்களில் ‘பர்மிஷன்’ என்ற பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஓரிரு முறை, ஒரு மணி நேரம் தாமதமாக வரவோ முன்னதாகப் போகவோ அனுமதிப்பது. மே மாதத்துக்கு மட்டும் அந்த எண்ணிக்கையை உயர்த்தினால், புதிய கொள்கை ஆவணம் எதுவும் எழுதாமலேயே பெரிய உதவி செய்ததாக ஆகும்.

வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதித்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பத்து வயதைக் கடந்த பிள்ளை என்றால் ஓரளவு தீரும். வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்ற தெம்பே அந்த வயதுக்குப் போதும். ஐந்து வயதுப் பிள்ளை என்றால் தீராது. மடிக்கணினி முன் இருப்பவர் வீட்டில்தான் இருக்கிறார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அதனால் அரை மணிக்கொரு முறை அழைக்கும். வீட்டு வேலையும் அலுவலக வேலையும் கைப்பிள்ளையும் ஒரே அறையில் நடந்தால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா ஊரடங்கில் பார்த்தோம்.

எனவே அனுமதிக்கும்போது வேலை நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். காலை ஆறு முதல் ஒன்பது வரை, பிற்பகல் உறக்க நேரம், இரவு எட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று பிரித்து வேலை செய்ய விரும்புபவர்கள் உண்டு. அழைப்புகளை எடுக்க வேண்டிய நேரத்தை மட்டும் நிர்ணயித்துவிட்டு மற்றதை அவரிடம் விடுவது நல்லது. இரவு வேலையைச் சுமத்தும் வழியாக இது மாறிவிடக்கூடாது என்பதை மேலாளர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழை விடுமுறைக்கு என்ன செய்வது? முந்தைய நாள் வரை யாருக்கும் தெரிவதில்லையே?

கோடை விடுமுறைக்குத் தேதி உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு அது கிடையாது. பள்ளி விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிறார். சில நாள் முந்தைய இரவே தெரியும், சில நாள் விடிந்த பிறகுதான் தொலைக்காட்சியின் கீழே எழுத்து ஓடும். ஒரகடத்துக்குச் செல்லும் கம்பெனிப் பேருந்து ஆறு நாற்பதுக்குப் பூந்தமல்லியில் நிற்கிறது, ஆறேகாலுக்கு அறிவிப்பு வருகிறது என்றால், சீருடை போட்டுத் தயாராக நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை யாரிடம் விடுவது என்று முடிவெடுக்க இருபத்தைந்து நிமிடமே இருக்கிறது.

இந்த நாளுக்கான விதியை அக்டோபர் பிறப்பதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும். அந்த விதி மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். யாருக்கு, எத்தனை மணிக்குள், எந்த வழியில் தெரிவிக்க வேண்டும்? அந்த நாள் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படும்? வேலைக்கு வந்தே ஆக வேண்டியவர்கள் யார்? முதல் கேள்விக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும் என்று விடுங்கள். தண்ணீர் நிற்கும் தெருவில் நின்றுகொண்டு எவரும் இணையதளப் படிவத்தை நிரப்ப மாட்டார்கள். இரண்டாவதற்கு, ஆண்டுக்கு மூன்று நான்கு நாள் ‘மழை நாள்’ என்று தனியே ஒதுக்கலாம், அல்லது பின்னர் ஒரு சனிக்கிழமை ஈடு செய்யலாம். சனிக்கிழமை ஈடு என்றால் ஒரு எச்சரிக்கை: இழந்த வேலை நாட்களை ஈடுகட்டப் பள்ளிகளும் சனிக்கிழமை வகுப்பு வைப்பதால் தேதியைப் பணியாளரே தேர்ந்தெடுக்கட்டும்.

பலர் கவனிக்காத ஒன்று மாவட்ட எல்லை. அலுவலகம் அம்பத்தூரில், அதாவது சென்னை மாவட்டத்தில் இருக்கும். பணியாளர் வீடும் பிள்ளையின் பள்ளியும் ஆவடியில், அதாவது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும். தாம்பரம், கூடுவாஞ்சேரி என்றால் செங்கல்பட்டு மாவட்டம். ஒரு மாவட்டத்தில் விடுமுறை விட்டு அடுத்த மாவட்டத்தில் விடாத நாட்கள் உண்டு. ஆகவே ‘சென்னை மாவட்டத்துக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டால்’ என்று விதியில் எழுதாமல், ‘பணியாளரின் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டால்’ என்று எழுதுங்கள்.

அரசே நிறுவனங்களைக் கேட்டுக்கொண்ட சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கையின்போது, 15 முதல் 18 வரை ஐடி நிறுவனங்கள் பணியாளர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்குமாறு தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னைப் பள்ளிகள் பல நாள் மூடிக்கிடந்தன. மின்சாரமும் இணையமும் இல்லாத அந்த நாட்களில் வீட்டிலிருந்து வேலை என்பதே பொருளற்றுப் போனது. அத்தகைய நாட்களை ஊதியத்துடன் கூடிய சிறப்பு விடுப்பாகக் கொடுப்பதுதான் மனிதத்தன்மை.

எங்களுடையது தொழிற்சாலை. இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே?

முடியாது. பெரும்பாலான ஆலோசனைகள் ஐடி நிறுவனங்கள் நிறைந்த ராஜீவ் காந்தி சாலையோடு நின்றுவிடுகின்றன என்ற உங்கள் குறை நியாயமானதே. ஷிப்ட் வேலையில் கொடுக்கக்கூடியவை வேறு.

முதலாவது ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் உரிமை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஒருவர் காலை ஷிப்ட்டும் மற்றவர் இரண்டாம் ஷிப்ட்டும் பார்த்தால் பிள்ளை தனியாக இருக்கும் நேரம் வெகுவாகக் குறையும். வாராவாரம் ஷிப்ட் மாறும் ஆலையில், விடுமுறை ஆறு வாரத்துக்கு மட்டும் ‘நிலையான ஷிப்ட்’ கேட்க வழி வைத்தால் பலர் கேட்பார்கள். அதே பயிற்சி பெற்ற இருவர் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொண்டால், மேற்பார்வையாளரிடம் முந்தைய நாள் சொன்னால் போதும் என்று விடலாம். இரண்டாவது, ஷிப்ட் அட்டவணையை ஒரு மாதம் முன்னதாக ஒட்டுவது. வெள்ளிக்கிழமை மாலை ஒட்டித் திங்கட்கிழமை அமல்படுத்தும் வழக்கம் இருந்தால், மற்ற எந்தச் சலுகையும் அதற்கு ஈடாகாது. மூன்றாவது, இயந்திரப் பராமரிப்புக்காக ஆலையை மூடும் வாரம் ஒன்று இருந்தால் அதை மே மாதத்தில் வைக்க முடியுமா என்று பார்ப்பது.

கைபேசியை உள்ளே அனுமதிக்காத ஆலைகளில் இன்னொரு சிறு ஏற்பாடு தேவை. வீட்டில் தனியே இருக்கும் பிள்ளை அவசரத்துக்கு அழைக்க ஒரு தரைவழி எண்ணும், அழைப்பை அந்த வரிசையில் நிற்பவருக்கு உடனே கொண்டுசேர்க்க ஒரு பொறுப்பாளரும் இருக்க வேண்டும். எண் மட்டும் இருந்து, எடுப்பவர் ‘இடைவேளையில் சொல்கிறேன்’ என்று வைத்துவிட்டால் பயனில்லை.

தி.நகர் போன்ற இடங்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு?

பள்ளி விடுமுறைக் காலமே அவர்களுக்கு வியாபாரக் காலம் என்பதால் விடுப்பைத் தாராளமாக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்து வராது. ஜூன் பள்ளித் திறப்பை ஒட்டிச் சீருடை, பை, காலணி விற்கும் கடைகளில் மே கடைசி வாரம் ஆள் பற்றாக்குறையே பெரிய கவலை. மே முதல் பாதியில் விடுப்பைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு இரண்டாம் பாதியில் நிறுத்திவைப்பது, வார ஓய்வு நாளை ஞாயிற்றுக்குப் பதில் வேறு கிழமைக்கு மாற்றிக்கொள்ள அனுமதிப்பது ஆகியவை முடியும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘லீவுதானே, பையன் சும்மா உட்கார்ந்து துணி மடித்து வைக்கட்டும்’ என்று பணியாளரின் பிள்ளையைக் கடையில் வேலைக்குப் பழக்குவது குற்றம். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை முழுமையாகத் தடுக்கிறது. விடுமுறையில் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்ற விலக்கு, ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலுக்கு மட்டுமே. முதலாளியின் கடை பணியாளரின் குடும்பத் தொழில் ஆகாது.

குழந்தைகள் காப்பகம் வைக்கச் சட்டம் சொல்கிறதே, அது போதாதா?

மகப்பேறு நலச் சட்டம், 1961-க்கு 2017-இல் வந்த திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் கூறியது. 2025 நவம்பரில் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020-இலும் அதே 50 எண்ணிக்கை தொடர்கிறது. ஆனால் இந்தக் காப்பகங்களுக்கு மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பள்ளி விடுமுறையில் வீட்டில் இருக்கும் ஏழு, எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பற்றிச் சட்டம் பேசுவதில்லை. தனியே விடவும் முடியாத, கைக்குழந்தைகளோடு உட்காரவும் விரும்பாத வயது அது.

காப்பகம் ஏற்கெனவே நடத்தும் நிறுவனங்கள், மே மாதத்தில் மட்டும் பக்கத்தில் ஓர் அறையைப் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். பக்கத்துப் பக்கத்து நிறுவனங்கள் சேர்ந்து செய்தால் செலவு பகிரும். டைடல் பார்க் போன்ற பல நிறுவனங்கள் ஒரே கட்டடத்தில் இயங்கும் வளாகங்களிலும், கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளிலும் இது நடக்கக்கூடியதே.

அப்படியானால் நிறுவனமே ஒரு கோடை முகாம் நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் ஒரு நாள் கொண்டாட்டத்தையும் முகாமையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பலூன் கட்டி, பிள்ளைகளை அழைத்து, கேக் வெட்டிப் படம் எடுத்துச் சமூக வலைத்தளத்தில் போடும் ‘குடும்ப தினம்’ மகிழ்ச்சியானதுதான். அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. வேலை நேரம் முழுவதையும் உள்ளடக்கிய இரண்டு வார முகாம், நாற்பது நாளில் பத்து வேலை நாளைத் தீர்த்துவைக்கும்.

செய்வதென்றால் சிலவற்றில் விட்டுக்கொடுக்கக்கூடாது. பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், ஒருவர் மட்டும் தனியே இருக்கும் நிலை வரக்கூடாது. பொறுப்பில் அமர்த்துபவர்களின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். பிள்ளையை அழைத்துச் செல்ல யாருக்கு அனுமதி என்பதைப் பெற்றோர் எழுத்தில் தர வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012-இன்படி, பிள்ளைக்கு அத்தகைய தவறு நேர்ந்தது தெரிந்தும் புகாரளிக்காமல் இருப்பதே குற்றம் என்பதைப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் முதல் நாளே விளக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைகளின் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

வெளியே அழைத்துச் செல்வதானால் சென்னையில் இடங்களுக்குப் பஞ்சமில்லை. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவும் பிர்லா கோளரங்கமும் அருகருகே உள்ளன, இரண்டும் நிழலில் நாளைக் கழிக்கக்கூடியவை. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமையும் வண்டலூர் பூங்கா செவ்வாய்க்கிழமையும் மூடியிருக்கும். கத்திரி வெயிலில் வண்டலூரைத் தவிர்ப்பதே நல்லது. போக வேண்டுமென்றால் காலையில் போய்ப் பதினொரு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

பிள்ளையை அலுவலகத்துக்கு அழைத்து வர அனுமதிக்கலாமா?

அவசரத்துக்கு ஒரு நாள் என்றால் அலுவலகத்தில் அனுமதிக்கலாம். உற்பத்திக் கூடம், கிடங்கு, ஆய்வகம், சமையற்கூடம் ஆகிய இடங்களில் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்த வேண்டும், ஆனால் பெரும்பாலும் அவர்களுக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. துப்புரவுப் பணியாளர், காவலர், கேண்டீன் ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளில் பலர் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பள்ளி நாட்களில் அந்தப் பிள்ளைகளுக்கு மதிய உணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால் தொடக்க வகுப்புகளில் காலைச் சிற்றுண்டியும் பள்ளியிலேயே கிடைத்துவிடும். விடுமுறை விட்டதும் இரண்டும் நின்றுவிடும். காலை ஆறு மணி ஷிப்ட்டுக்கு வரும் தாய், பிள்ளைகளுக்கு இரண்டு வேளைச் சமையலை நான்கு மணிக்கு எழுந்து முடித்துவிட்டு வர வேண்டும். மென்பொறியாளருக்கு விடுமுறை என்பது நேரப் பிரச்சினை. இவருக்கு அது சாப்பாட்டுப் பிரச்சினையும்கூட.

நிறுவனக் கேண்டீனிலிருந்து விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பொட்டலம் கொண்டுபோக அனுமதிப்பதும், மே மாதத்துக்கு மட்டும் ஷிப்ட் தொடக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதும் ஒப்பந்ததாரரிடம் சொல்லிச் செய்யக்கூடியவை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதே இவற்றை எழுதிவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. மாற்று ஆள் வைப்பதற்கான செலவை ஒப்பந்ததாரர் தொழிலாளியின் கூலியில் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் முதன்மை நிறுவனத்தின் பொறுப்பு.

பிள்ளைகள் இல்லாத பணியாளர்கள் ‘எங்களுக்கு என்ன?’ என்று கேட்கிறார்களே?

நியாயமான கேள்விதான். மே மாத வேலையெல்லாம் திருமணமாகாதவர்கள் தலையில் விழுந்தால் அவர்கள் முணுமுணுக்காமல் என்ன செய்வார்கள்? விதியைப் ‘பெற்றோர் சலுகை’ என்று எழுதாமல் ‘குடும்பப் பராமரிப்பு’ என்று எழுதினால், வயதான தந்தைக்கு டயாலிசிஸ் செய்ய வாரம் இருமுறை அழைத்துச் செல்பவரும் அதில் அடங்குவார். அடுத்தவரின் பணியைச் சுமந்தவருக்கு அந்த நாளுக்கான காம்ப் ஆஃப் (ஈட்டு விடுப்பு) கணக்கில் ஏற வேண்டும். அதை அவர் விரும்பிய மாதத்தில் எடுக்கவும் முடிய வேண்டும். நன்றி சொல்லிக் கைகுலுக்குவதோடு நிறுத்திவிட்டால், அடுத்த ஆண்டு யாரும் முன்வர மாட்டார்கள்.

அப்பாக்கள் இந்த ஏற்பாடுகளைக் கேட்பதே இல்லையே?

கேட்டால் ‘வீட்டில் மேடம் இல்லையா?’ என்று மேலாளர் சிரித்துக்கொண்டே கேட்பதை நிறுத்தினால் கேட்பார்கள். ஓர் ஆண் மேலாளர், தன் மகளைக் கராத்தே வகுப்பிலிருந்து அழைத்துவர நான்கு மணிக்குக் கிளம்புவதைக் குழுவுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பட்டும். சுற்றறிக்கை செய்யாததை அது செய்யும்.

பத்துப் பேர் மட்டுமே உள்ள சிறு நிறுவனத்தில் இதெல்லாம் சாத்தியமா?

எழுத்தில் விதிகள் தேவையில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் தேநீர் நேரத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, ஒரு மாத நாட்காட்டியில் யார் எந்த வாரம் ஊரில் இல்லை என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கரின் வேலையை ஒரு வாரம் பார்க்கத் தெரிந்த இன்னொருவர் இருக்கிறாரா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்; ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் வாரத்தில் அவர் மதுரையில் இருந்தால் சிரமம் உங்களுக்குத்தான்.

பணமாக உதவித்தொகை கொடுப்பது எளிதல்லவா?

சில குடும்பங்களுக்கு எளிது. முகாம் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்பது, நம்பகமான டே கேரோடு நிறுவன அளவில் கட்டணம் பேசி முடிப்பது ஆகியவை நல்ல யோசனைகள். ஆனால் குறைந்த ஊதியம் பெறுபவருக்குப் பாதிக் கட்டணம் என்பதும் எட்டாத தொகையாக இருக்கலாம். நேரத்தைக் கொடுக்க மனமில்லாத நிறுவனம் பணத்தைக் கொடுத்துக் கைகழுவுவதையும் பார்க்கிறோம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வளர்ந்தவர்கள்தானே, அவர்களின் பெற்றோருக்கும் விடுப்பு வேண்டுமா?

அவர்களுக்குக் கோடையைவிடப் பிப்ரவரி, மார்ச் முக்கியம். பொதுத்தேர்வு நடக்கும் நாட்களில் காலையில் தேர்வு மையத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு மணி நேரப் பர்மிஷன், தேர்வுகளுக்கு இடையிலான படிப்பு விடுமுறையில் ஓரிரு நாள் வீட்டிலிருந்து வேலை என்ற அளவே பெரும்பாலும் கேட்கப்படும். நிதியாண்டு முடியும் மாதத்தில் இதைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள் என்பதால் நிறுவனமே முன்வந்து சொல்வது நல்லது.

நான் ஒரு பெற்றோர். மேலாளரிடம் எப்படிக் கேட்பது?

‘கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள் சார்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். தேதி, நேரம், மாற்று ஏற்பாடு மூன்றையும் எழுதிக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக: ‘மதிப்பிற்குரிய ஐயா, என் மகளின் பள்ளிக்கு ஏப்ரல் கடைசியில் விடுமுறை தொடங்குகிறது. மே 1 முதல் 16 வரை அவள் அவளுடைய பாட்டி வீட்டில் இருப்பாள். அவளை அழைத்து வர மே 15, 16 ஆகிய இரு நாள் விடுப்பும், மே 18 முதல் பள்ளி திறக்கும் வரை காலை ஏழரை முதல் மாலை நான்கு வரையிலான பணிநேரமும் கோருகிறேன். மாலை நான்குக்குப் பிறகு வரும் வாடிக்கையாளர் அழைப்புகளைக் கவனிக்க என் குழுவில் உள்ள ஒருவர் ஒப்புக்கொண்டுள்ளார். ரயில் முன்பதிவு மார்ச் நடுவில் திறப்பதால் மார்ச் 10-க்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.’ இப்படி எழுதினால், மறுப்பதற்கும் மேலாளர் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

செய்த ஏற்பாடுகள் பயன் தந்தனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஜூன் மூன்றாம் வாரத்தில், பள்ளிகள் திறந்து பாடநூல், சீருடை அலைச்சல் ஓய்ந்த பிறகு பாருங்கள். முன்னறிவிப்பில்லாத விடுப்புகள் சென்ற ஆண்டு மே மாதத்தைவிடக் குறைந்திருக்கின்றனவா, சம்பளப் பிடித்தத்துக்கு ஆளானவர்கள் எத்தனை பேர், ஏப்ரல் முதல் ஜூன் வரை வேலையை விட்டவர்களில் சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்கள் வருகைப் பதிவேட்டிலேயே கிடைக்கும். அவற்றோடு, ஏற்பாட்டைப் பயன்படுத்தாத பெற்றோரிடம் ஏன் பயன்படுத்தவில்லை என்று தனியே கேளுங்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று பலர் சொன்னால் அறிவிப்பு சரியாகப் போய்ச் சேரவில்லை. ‘கேட்டால் அப்ரைசலில் குறைத்துவிடுவார்கள்’ என்று ஒருவர் சொன்னாலும் அந்தப் பிரிவின் மேலாளரோடு பேச வேண்டும். அடுத்த மழை விடுமுறைக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது.